பூஞ்சை இல்லம்மா, அது மை

இல்லம்மா, இல்லம்மா, அவசரப்படாதீங்க. பிரிக்கறதுக்கு ஆள் சொல்லியாச்சுங்கறீங்க, சரி. நாளைக்குக் காலையிலதானே வர்றாங்க? இப்ப மணி பதினொண்ணுதான் ஆகுது. ஒரு அரை மணி நேரம் குடுங்க எனக்கு. இந்தத் தரையைப் போட்டவன் நான். மூணு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க குடி வர்றதுக்கு முந்தி, வீடு காலியா கெடந்தப்ப, முட்டி தேயத் தேய நாலு ரூமுக்கும் வினைல் விரிப்பு ஒட்டினவன். என் தரையை நான் வந்து பாக்காம வேற யாரு பாப்பா? என்னை வேலைக்கு அனுப்பற கடையில சொன்னாங்க, ஒரு அம்மா போன் பண்ணாங்க, தரையெல்லாம் கறையாம், பூஞ்சையாம், மொத்தமா எடுத்துட்டு டைல்ஸ் போடப் போறாங்களாம்னு. அதுலயும் பின் ரூம் மூலையில நீலமா ஊதாவா ஒரு கறைன்னு சொன்னாங்க பாருங்க, சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் பாதியில கையைக் கழுவிட்டு ஓடி வர்றேன்.

பின் ரூமுக்குத்தான் போகப் போறோம். இருங்க, வாசல்ல இருந்து வரிசையாப் பாத்துட்டுப் போலாம். அப்பதான் உங்களுக்கு என் மேல நம்பிக்கை வரும். இப்ப இல்லைன்னு உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே. தப்பு சொல்லல. போட்டவனே வந்து ஒண்ணுமில்லைன்னு சொன்னா யாரு நம்புவா.

இங்க பாருங்க, இந்த மஞ்சள். கதவுகிட்ட நல்லா அழுத்தமா இருக்கு. உள்ள போகப் போக மங்குது. சோபாகிட்ட காணாமலே போயிடுது. ஓரத்துல எல்லாம் கிடையாது, நடக்கற வழி மட்டும். உங்க தெருவுல ரோடு புதுசாப் போட்டாங்களா? போன வருஷமா? அதான் சங்கதி. தாரு. செருப்புல ஒட்டிக்கிட்டு வந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. மேல ஒட்டியிருந்தாத் துடைச்சிடலாம். இது வினைலுக்குள்ள போயிடுச்சு. போகாது. அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா யாரையும் ஒண்ணும் பண்ணாது.

சமையல்கட்டுல அந்த மிதியடியைத் தூக்குங்க. பாத்தீங்களா? ஓரம் புடிச்சு அளந்து வரைஞ்ச மாதிரி ஒரு மஞ்சக் கட்டம். கறைக்கு இவ்வளவு ஒழுங்கு வராதும்மா. தண்ணியோ ஈரமோ இப்படி நேர்கோடு போடாது. மிதியடிக்கு அடியில ரப்பர் இருக்கு பாருங்க, வழுக்காம இருக்கறதுக்கு. அந்த ரப்பரும் வினைலும் ஒண்ணா சேந்தா ஆகாது. மாமியார் மருமக மாதிரின்னு சொல்ல வந்தேன், உங்க வீட்டுல எப்படியோ, விடுங்க. நீங்க பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சீங்களா? தெரியுது. பளபளப்புதான் போயிருக்கு, மஞ்சள் அப்படியே உக்காந்திருக்கு. இனிமே துணி மிதியடி போடுங்க.

அடுப்புகிட்ட இந்தப் பழுப்பு வட்டம் நான் சொல்லவே வேணாம். சூடான பாத்திரத்தை யாரோ எறக்கி வெச்சிருக்காங்க. சிரிக்கறீங்க. அப்ப நீங்கதான்.

குளியலறை வாசலா? ம். வாங்க பாக்கலாம். இதுவா... லேசா இளஞ்சிவப்பா. இது வந்து... தலைக்குச் சாயம் அடிக்கறவங்க யாராவது இருக்காங்களா வீட்டுல? வீட்டுக்காரரா? பாத்தீங்களா! அவரோட இளமைதான் இங்க சொட்டியிருக்கு. அவ்வளவுதான், வாங்க, வாங்க, பின் ரூமுக்குப் போலாம்.

ஆங். இந்த ரூமுதான்.

எவ்வளவு நாளாச்சு நான் இங்க வந்து. அப்ப இந்த ஜன்னலுக்குத் திரை கிடையாது, முதுகுல வெயில் சுள்ளுன்னு அடிக்கும். அதான் இந்தப் பக்கம் வெளுத்திருக்கு, அது வெயில். அந்த பீரோவுக்கு அடியில எட்டிப் பாத்தீங்கன்னா தரை நான் போட்ட நாள்ல எப்படி இருந்துச்சோ அதே கலர்ல இருக்கும். பீரோவைச் சுத்தி வருதே, அதானே நீங்க சொல்ற கறை? எப்ப மொத மொதலாப் பாத்தீங்க? ரெண்டு மாசமா? மொதல்ல ஒரு புள்ளி, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் பீரோ காலைத் தாண்டி வெளிய வந்துச்சா. ஆமா. அப்படித்தான் வரும்.

நான் அழலம்மா. தூசி.

டாக்டர் சொன்னாரா? குழந்தைக்கு ரெண்டு மாசமா இருமல் நிக்கல, வீட்டுல ஈரம் இருக்கான்னு பாக்கச் சொன்னாரு. நீங்க வந்து பாத்தீங்க, இந்தக் கறை. ரெண்டும் ரெண்டு மாசம். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. நான் பெத்தவனா இருந்தா நேத்தே பிரிச்சிருப்பேன். ஆனா இது பூஞ்சை இல்லம்மா. நான் உங்களை ஏமாத்தல. விரலை வெச்சு அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருக்குதா? பூஞ்சைன்னா வினைலுக்கு அடியில நாங்க விரிச்ச பிளைவுட் பலகை ஊறிப்போய் மெத்து மெத்துன்னு உள்ள வாங்கும். மோந்து பாருங்க. ஏதாவது வாடை வருதா? இந்தப் பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சுத் தேய்க்கறேன், பாருங்க. பஞ்சு வெள்ளையாவே இருக்கு. அப்ப மேல இருக்கற கறை இல்ல. ஈரமும் இல்ல. கீழ இருந்து வர்றது. இது மை. மார்க்கர் மை.

பீரோவை நகர்த்தலாமா? நீங்க குழந்தையை வெச்சுக்கிட்டு அங்கயே நில்லுங்க, நான் பாத்துக்கறேன். காலுக்கு அடியில இந்தத் துணியைக் குடுத்துட்டா வழுக்கிக்கிட்டு வந்துடும், தரையும் கீறாது. ம்... வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

ஆமாம்மா. எழுத்துதான். எழுதியிருக்கு.

இல்ல, பில்லி சூனியம் ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. உங்களுக்கு யாரும் எதுவும் வைக்கல. உக்காருங்க, அந்தக் கட்டில்ல உக்காருங்க, சொல்றேன். என்ன எழுதியிருக்குன்னா... சொல்றேன், இருங்க. மொதல்ல யாரு எழுதினதுன்னு சொல்லிடறேன்.

என் தம்பி எழுதினது.

நாங்க ரெண்டு பேரும் ஜோடியாத்தான் வேலை பாத்தோம், இருபத்தி ரெண்டு வருஷம். கடையில அவனை ஸ்கேல்னு கூப்பிடுவாங்க, என்னைப் பசைன்னு கூப்பிடுவாங்க. அவன் வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்தாப் போதும், ரூம் எத்தனை அடின்னு சொல்லிடுவான், டேப் வெச்சுப் பாத்தா ஒரு விரக்கடை வித்தியாசம் இருக்காது. அளக்கறது, அறுக்கறது அவன். பசை ஊத்தறது, பல்லு வெச்ச தகடால இழுத்து விடறது, மேல வினைலை உருட்டி அழுத்தறது நான். ஒருத்தன் இல்லாம இன்னொருத்தனைக் கூப்பிட மாட்டாங்க. ஸ்கேலும் பசையும் வந்தாச்சான்னுதான் கேப்பாங்க.

அப்படி இருந்தவன் ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லிட்டான். வெளி ஆள் முன்னாடி. விளையாட்டாத்தான் சொன்னான், அங்க இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். நான் பேச்சை நிறுத்திட்டேன். என்ன வார்த்தைன்னா... அதை விடுங்க. மறுநாள் அவன் வந்து என்ன இருந்தாலும் வீட்டுக்கு வான்னு கூப்பிட்டான். நான் திரும்பிக்கூடப் பாக்கல. மூணாவது நாள் அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அதுக்கப்புறம் அவன் வாயைத் திறந்தாலே நான் வெளிய போயிடுவேன்னு ஆகிப்போச்சு. வீம்பும்மா. நாப்பது வயசைத் தாண்டினவனுக்கு வர்ற வீம்பு இருக்கே, அது சின்னப் புள்ளைங்களுக்கு வராது.

வேலை? வேலையை ஒண்ணாத்தான் பாத்தோம். பதினோரு மாசம் பேசாமலே பாத்தோம். சிரிக்காதீங்க, நிஜமா. அவன் அளந்து நம்பரைத் தரையில எழுதுவான், எந்தப் பக்கம் விரிக்கணும்னு ஒரு அம்புக்குறி போடுவான். நான் பாத்துட்டுப் பசை ஊத்துவேன். எனக்குப் பசை போதலைன்னா டப்பாவைத் தட்டுவேன், அவன் போய் எடுத்துட்டு வருவான். எங்களைப் பாத்தவங்க, ரெண்டு பேரும் ஊமை போலன்னு நெனைச்சு, எங்ககிட்டயே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாங்க.

எங்க தொழில்ல மொத நாளே சொல்லிக் குடுக்கறது ஒண்ணு இருக்கு. வினைலுக்கு அடியில பென்சில் தவிர எதாலயும் எழுதக் கூடாது. பேனா கூடாது, மார்க்கர் கூடவே கூடாது. வினைல்ல ஒரு எண்ணெய் கலந்திருக்கும், வளையறதுக்காக. அது மையைக் கொஞ்சம் கொஞ்சமா மேல இழுக்கும். ஒரு வருஷமோ, மூணு வருஷமோ, மேல வந்து நிக்கும். வந்தா வந்ததுதான், துடைக்க முடியாது. இது தெரியாம எவனும் இந்த வேலைக்கு வரக் கூடாது.

ஆனா பென்சில்ல எழுதினா பக்கத்துல வந்து குனிஞ்சாத்தான் தெரியும். அவன் பக்கத்துல வந்து குனிய எனக்கு ரோஷம் விடல. ஒரு நாள் கண்டுக்காம இருந்தேன், ஒரு ரூமே தப்பா ஒட்டிட்டேன். மறுநாள்ல இருந்து அவன் தடியா ஒரு மார்க்கர் வாங்கிட்டு வந்துட்டான், ரூம் இந்தக் கோடியில இருந்தே தெரியற மாதிரி. அதுவும் சுவரோரமாத்தான் எழுதுவான், சுவரடியில மரச்சட்டம் அடிச்சா மறைஞ்சு போற இடத்துல. அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

இந்த வீட்டுல கடைசி நாள், இந்த ரூம்தான் பாக்கி. நான் பசையைக் கலக்கிக்கிட்டு அந்தக் கதவுகிட்ட உக்காந்திருக்கேன். அவன் அளந்து முடிச்சுட்டான். சுவரோரம் நம்பரும் எழுதிட்டான். எழுதிட்டு எந்திரிக்கல. நகந்து வந்து, தோ, இந்த மூலையில, சட்டம் மறைக்காத இடத்துல, மண்டி போட்டுக்கிட்டு எழுத ஆரம்பிச்சான். நம்பர் இல்ல. எழுத்து. நிறுத்தி நிறுத்தி எழுதறான். ஒரு தடவை எழுதினதை அடிச்சுட்டு மறுபடி எழுதறான். எழுதி முடிச்சுட்டு மார்க்கரை மூடி என் பக்கமா உருட்டி விட்டுட்டு, ஓரமா நகந்து சுவர்ல சாஞ்சு நின்னான். என்னைப் பாத்துக்கிட்டே நிக்கறான்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பசை டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து அது மேல ஊத்தினேன். மை காயக் கூட இல்ல. அவன் கண்ணு முன்னாடியே தகடைப் போட்டு இழுத்தேன். அவன் வினைலைப் புடிச்சுக் குடுத்தான், ஓரம் அறுத்துக் குடுத்தான், வேலையை முடிச்சுட்டு டேப்பைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். அடுத்த வாரம் வேற ஆளுங்களோட சேந்துட்டான். அதோட சரி. ஸ்கேலும் பசையும் கதை இந்த ரூம்ல முடிஞ்சு போச்சு.

இருக்கான்மா. உசுரோடதான் இருக்கான்.

நாலு மாசம் முன்னாடி பக்கவாதம். வலது கை, வலது கால் போச்சு, பேச்சு சுத்தமாப் போச்சு. சேதி கேட்டு ஓடினேன். என்ன வீம்பு, என்ன ரோஷம், எல்லாம் வழியிலயே கொட்டிப் போச்சு. தினமும் சாயங்காலம் போறேன். கட்டில் பக்கத்துல உக்காந்து பேசறேன், பேசறேன், பேசிக்கிட்டே இருக்கேன். பதினோரு மாசம் பேசாததையும், அப்புறம் இந்த மூணு வருஷம் பேசாததையும் சேத்து. அவன் என் மூஞ்சியையே பாப்பான். பாத்துக்கிட்டே இருந்துட்டு கண்ணுல பொலபொலன்னு தண்ணி விடுவான். இடது கையால என் சட்டையைப் புடிச்சு இழுப்பான். அவன் சம்சாரம் சொல்லுது, மத்த யாரு வந்தாலும் இப்படிப் பண்றதில்ல, உங்ககிட்டதான் ஏதோ கேக்கறாருன்னு. என்ன கேக்கறாருன்னு தெரியலையேன்னு அது தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது.

எனக்குத் தெரியும்மா என்ன கேக்கறான்னு. அன்னிக்கு எழுதினதுக்கு என்ன பதில்னு கேக்கறான். அண்ணன்னு ஒருத்தன்கிட்ட எதையோ கேட்டிருக்கான், மூணு வருஷமாப் பதில் இல்ல. இப்ப டாக்டர் சொல்லிட்டாரு, இன்னொரு தடவை வந்தாத் தாங்காதுன்னு.

அதான் நாலு மாசமா நான் கடைக்குப் போன உடனே மொத வேலையா ஏதாவது புகார் வந்திருக்கான்னு கேப்பேன். கடைக்காரரு சிரிப்பாரு, எல்லாரும் புகார் வரக் கூடாதுன்னு வேண்டுவாங்க, நீ என்னய்யா வரணும்னு வேண்டறேன்னு. இந்த வீட்டுல இருந்து ஒரு புகார் வரணும், கறை தெரியுதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லணும்னு அப்படி வேண்டினேன். என்ன மனுஷன் பாருங்க நான். உங்க தரை கெட்டுப் போகணும்னு வேண்டியிருக்கேன்.

பிரிச்சாத் தெரியாதான்னு கேக்கறீங்களா? பிரிச்சாப் போச்சும்மா. நான் ஒட்டினா அப்படி ஒட்டுவேன். இழுத்தா பிளைவுட்டோட மேல் தோல் பசையோட சேந்து நாரு நாராக் கிழிஞ்சு வரும். அடியில ஒரு எழுத்து மிஞ்சாது. தானா மேல வந்தாத்தான் உண்டு. பாதிதான் வந்திருக்குதுன்னா, இன்னும் ஆறு மாசம் இந்த ரூமை மட்டும் விட்டு வைங்கன்னு உங்க கையையாவது காலையாவது புடிச்சுக் கேக்கலாம்னுதான் வந்தேன். மத்த ரூமெல்லாம் நீங்க டைல்ஸ் போட்டுக்கோங்க, பளிங்கே போட்டுக்கோங்க.

என்னாச்சு? ஐயையோ, புரையேறுதா. முதுகைத் தடவிக் குடுங்க. மெதுவா. தண்ணி வேணுமா? ராத்திரி பூரா இப்படித்தானா? பிஞ்சு நெஞ்சு, எப்படி இழுக்குது பாருங்க.

அம்மா.

அம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்.

குளியலறை வாசல்ல பாத்தோமே. அது தலைச் சாயம் இல்ல. அதுதான் பூஞ்சை. கால் வெச்ச உடனேயே தெரிஞ்சுது, மெத்துன்னு உள்ள போச்சு. இளஞ்சிவப்பா வந்தா அடியில பூத்திருக்குன்னு அர்த்தம். குழாய் எங்கயோ கசியுது, தண்ணி வினைலுக்கு அடியில ஓடியிருக்கு. இன்னிக்கே அந்த இடத்தைப் பிரிச்சுடுங்க, நாளைக்கு வரைக்கும் வைக்காதீங்க. குழந்தையை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. பிளம்பரைக் கூப்பிடுங்க மொதல்ல.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. பூஞ்சைன்னு என் வாயில இருந்து ஒரு தடவை வந்தா, நீங்க அந்த நிமிஷமே வீடு பூராப் பிரிக்கச் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, இந்த ரூமைப் பாத்ததும் சொல்லிடலாம்னு நெனைச்சேன். சொல்லியிருப்பேனான்னு கேட்டா... தெரியலம்மா. பேசிக்கிட்டே போயிட்டேன். புள்ளை இருமினப்பதான் உறைச்சுது. என் தம்பி எழுதின நாலு எழுத்துக்காக உங்க புள்ளை மூச்சோட விளையாடிட்டேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

போயிடறேன். கத்தாதீங்க, புள்ளை பயப்படுது. போயிடறேன்மா, இதோ பையை எடுத்துட்டேன். இந்த ரூமையும் பிரிக்கச் சொல்லுங்க, நான் தடுக்கல. தடுக்க எனக்கு வாயும் இல்ல இனிமே. ஒண்ணே ஒண்ணு. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் படிச்சுச் சொல்லிடுங்க.

நீங்கதாம்மா. நீங்க படிச்சுச் சொல்லுங்க.

எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நம்பர் தெரியும், அம்புக்குறி தெரியும், அவ்வளவுதான்.

அதான் அந்த வார்த்தை. வேலை முடிஞ்சா கையெழுத்து வாங்குவாங்க இல்ல, அன்னிக்கு ஒருத்தர் என்கிட்ட காகிதத்தை நீட்டினாரு, இங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க பெரியவரேன்னு. நான் முழிச்சேன். இவன் பின்னாடி இருந்து, அவருகிட்ட ஏன் சார் குடுக்கறீங்க, அவரு கைநாட்டுன்னுட்டான். பொய் ஒண்ணும் சொல்லலையே. நான் வேலைக்குப் போனதுனாலதான் அவன் பள்ளிக்கூடம் போனான், அது வேற கதை. அப்படிச் சொன்னவன், பதினோரு மாசம் கழிச்சு என் கண்ணு முன்னாடி மண்டி போட்டு எழுத்து எழுதறான். நான் என்னன்னு எடுத்துப்பேன்? மறுபடியும் குத்திக் காட்டறான்னு நெனைச்சேன். படிடா பாக்கலாம்னு சொல்றான்னு நெனைச்சேன். அதான் பசையை ஊத்தினேன்.

இப்பதான் யோசிக்கறேன், கட்டில் பக்கத்துல உக்காந்து. அவன் வாயைத் திறந்தா நான் வெளிய போயிடுவேன். நம்பரை வெச்சு அதைச் சொல்ல முடியாது. வேற என்னதாம்மா பண்ணுவான் அவன்? மார்க்கர்ல எழுதினா என்னிக்காவது மேல வந்துடும்னு அவனுக்குத் தெரியாதா? அன்னிக்கு நான் படிக்கலைன்னாலும், யாராவது ஒருத்தர் பாத்து எனக்குச் சொல்லுவாங்கன்னு விட்டுட்டுப் போயிருப்பானோ என்னவோ.

போட்டோ எடுத்துக்கிட்டுப் போய் யாருகிட்ட காட்டுவேன்? கடையில காட்டினா இந்த வயசுல இதுகூடத் தெரியாதான்னு கேப்பாங்க. அவன் சம்சாரத்துகிட்ட காட்டலாம், அதுல என்னைக் காறித் துப்பி எழுதியிருந்தான்னா? அது தாங்குமா? நீங்க வெளி ஆளு. நாளைக்கு என்னைப் பாக்கக்கூடப் போறதில்ல. அதான் கேக்கறேன்.

குனிங்க. அந்த வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நின்னு பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும். மொத எழுத்து இங்க இருக்கு.

அண்ணேன்னா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அண்ணேன்னுதானா? அது வேற எதுவும் இல்லையே.

அதுக்கப்புறம்? இங்க, இந்தக் கோடு... இது எழுத்து இல்லையா? வளைஞ்சு வளைஞ்சு போகுதே. ரெண்டாவது வரி? அதுவும் அப்படியேதானா. ஒரு எழுத்துகூடவா தேறல? யூகிச்சுச் சொல்ல வேண்டாம்மா, வேண்டாம். உங்க மனசுக்கு நல்லதாத்தான் சொல்லுவீங்க.

இது என் கைம்மா. இந்த வளைவு. தகடை நான் இப்படித்தான் இழுப்பேன், அரை வட்டம் அரை வட்டமா. மூலையில தகடு எட்டாது, அங்க விரலால தடவி விடுவேன். அதான் அந்த ஒரு வார்த்தை மட்டும் தப்பிச்சிருக்கு. ஈர மையில இழுத்துட்டேன் இல்ல. இன்னும் ஆறு மாசம் இல்ல, ஆறு வருஷம் ஆனாலும் இதுக்கு மேல ஒண்ணும் வராது. வர வேண்டியதெல்லாம் வந்தாச்சு.

பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளிடறேன். நாளைக்கு அவங்க பாத்துக்கட்டும்.

தண்ணியெல்லாம் வேண்டாம்மா, நல்லா இருங்க. நீங்க பிளம்பரைக் கூப்பிடுங்க. குளியலறை வாசலைப் பிரிச்சுக் குடுத்துட்டே நான் போறேன், கத்தி கையிலதான் இருக்கு, பத்து நிமிஷ வேலை. முடிச்சுட்டு நேரா அவன்கிட்டதான் போறேன்.

என்ன சொல்றதா? படிச்சுட்டேன்டான்னு சொல்லுவேன். சரிடான்னு சொல்லுவேன். எதுக்குச் சரின்னு அவனால திருப்பிக் கேக்க முடியாதும்மா.